திறப்பைக் கொடுத்த பின்

புலம்பெயர்ந்து வந்த எமக்குக் கனடா போன்ற தூரம் கூடிய குளிர் நாட்டில் கார் ஒரு ஆடம்பரப் பொருள் அல்ல. வேலைக்கும், பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்கும், வெள்ளிக்கிழமைப் பூசைக்கும் அதுவே எமக்குக் கால். புதிய கார் வாங்கினால் முதலில் கோவிலுக்குக் கொண்டு வருகிறோம். சில்லுகளின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, திறப்பைப் பிள்ளையாரின் பாதத்தில் வைத்து எடுத்த பிறகே நிம்மதியாக ஓட்டத் தொடங்குகிறோம். அதே திறப்பைச் சில மாதங்களுக்கு ஒரு முறை, பெயர்கூடத் தெரியாத ஒருவரின் கையில் கொடுத்துவிட்டுக் கார் விற்ற நிறுவனத்தின் காத்திருப்பு அறையில் கோப்பி குடித்துக்கொண்டு இருக்கிறோம். அவர் காரைச் சேர்விஸ் செய்வதோடு நிற்பதில்லை. வீதியில் எடுத்து ஓட்டியும் பார்க்கிறார்.

“என்ரை காரை அவன் ஏன் றோட்டிலை ஓட வேணும்?” என்று எம்மவர் பலர் கேட்பதுண்டு. கேட்பதற்குச் சிறிய கேள்விதான். ஆனால் அதற்குள் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. அறிமுகமில்லாத ஒருவரை எவ்வளவு தூரம் நம்பலாம்? நம்பிக் கொடுத்த பின் எமது பொறுப்பு முடிந்துவிடுகிறதா?

ஏன் ஓட்டிப் பார்க்கிறார்கள்?

முதலில் தொழிலின் நியாயத்தைப் பார்ப்போம். பிரேக் பட்டைகளை மாற்றும்போது பிஸ்ரனைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். வேலை முடிந்ததும் பெடலைப் பல தடவை அழுத்தி அதைத் திரும்பவும் பட்டையோடு சேர்க்க வேண்டும். மறந்துவிட்டால் முதல் தடவை பெடல் தரை மட்டும் போகும், கார் நிற்காது. சில்லின் பெயாரிங் தேய்ந்தால் வரும் இரைச்சல் காரை உயர்த்தி வைத்திருக்கும்போது கேட்காமல் இருக்கலாம். வேகம் கூடும்போதுதான் அது வெளியே வரும். ஸ்ரியரிங் ஒரு பக்கம் இழுப்பதும் நேர் வீதியில் ஓடினால்தான் தெரியும். 1990களின் பிற்பகுதி தொடக்கம் வரும் கார்களில் உள்ள கணினி, பிழைக் குறியீடுகளை அழித்த பின்னர், காரை ஓட்டினால்தான் தனது சோதனைகளை முழுமையாக முடிக்கும்.

ஆகவே ஓட்டிப் பார்ப்பது மெக்கானிக்கின் பொழுதுபோக்கு அல்ல. வேலையின் ஒரு பகுதி. அப்படிப் பாராமல் திருப்பித் தந்தால், அந்தக் காரை முதலில் சோதிப்பவர்கள் நாமும் பின் ஆசனத்தில் இருக்கும் எமது பிள்ளைகளும்தான்.

சந்தேகத்தின் வேர்

இவ்வளவு தெரிந்தும் மனம் ஏன் உறுத்துகிறது? சிலர் வாங்கும் காருக்கு மேலாக ஓடிவிடுகிறார்கள் என்பது ஒரு காரணம். வாடிக்கையாளரின் காரைச் சொந்தத் தேவைக்கு ஓட்டியவர்கள் உலகில் இல்லாமல் இல்லை. இன்னொரு காரணம் எமக்குள்ளேயே இருக்கிறது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிவிட்டு, அது திரும்பி வருமா என்று வெயிலில் நின்றவர்கள் நாம். வீட்டைப் பூட்டித் திறப்பை அயலவரிடம் கொடுத்துவிட்டு வந்து, பின்னர் வீட்டையே காணாதவர்களும் எம்மிடையே உண்டு. கொடுத்தது திரும்பி வராது என்பது எமக்குக் கற்பனை அல்ல.

ஆனால் கதையின் மறுபாதியையும் நாம் மறக்கக் கூடாது. முன்பின் தெரியாதவர்களை நம்பித்தான் நாம் இங்கே வந்து சேர்ந்தோம். தமிழில் ‘அடைக்கலம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கிறது. பாதுகாக்கும்படி ஒருவரிடம் ஒப்படைத்த பொருளும் அடைக்கலம். உயிர் தப்பி வந்தவர் பெறும் புகலிடமும் அடைக்கலம். சிலப்பதிகாரத்தில் மதுரைப் புறஞ்சேரியில் கவுந்தியடிகள் கண்ணகியை மாதரியிடம் ஒப்படைக்கும் பகுதிக்கே ‘அடைக்கலக் காதை’ என்று பெயர். ஒப்படைத்ததைக் காப்பது எம்மவர் மிகப் பெரிதாக மதித்த கடமை.

ஆங்கிலச் சட்டமும் இதைப் பேசியிருக்கிறது. 1703இல் தீர்க்கப்பட்ட கொக்ஸ் எதிர் பேர்னாட் என்ற வழக்கில், ஒருவர் கூலி வாங்காமலே பிராந்திப் பீப்பாய்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் மாற்றிக் கொடுக்க ஒப்புக்கொண்டார். அவரது கவனக்குறைவால் பிராந்தி சிந்தியது. கூலி இல்லாவிட்டாலும் ஏற்றுக்கொண்ட பொருளுக்குக் கவனம் காட்டும் கடமை உண்டு என்று பிரதம நீதியரசர் ஹோல்ற்றும் மற்றைய நீதிபதிகளும் தீர்ப்பளித்தனர். கூலி வாங்கிக்கொண்டு காரைப் பொறுப்பேற்பவரின் கடமையைச் சொல்லவும் வேண்டுமா?

ஆகையால் திறப்பை வாங்கும்போது அந்த மெக்கானிக் ஒரு கடமையையும் சேர்த்தே வாங்குகிறார். அதில் அவர் தவறினால் கேட்பது எமது உரிமை. தவறுவார் என்று முன்கூட்டியே முடிவு கட்டுவது வேறு விடயம். இன்று ரொறன்ரோ பகுதிக் கராஜுகளில் எமது பிள்ளைகளும் வேலை செய்கிறார்கள். காரில் இருபது கிலோமீற்றர் கூடியிருக்கிறது என்று முன் மேசையில் நின்று சத்தம் போடும்போது, உள்ளே கையில் எண்ணெயோடு நிற்பது எமது கோவிலில் தேவாரம் பாடிய பிள்ளையாகவும் இருக்கலாம். பெருந்தெருவில் மட்டும் கேட்கும் சத்தத்தைத் தேடி அவர் அந்த இருபது கிலோமீற்றரை ஓடியிருக்கலாம். கேட்டால் தெரிந்துகொள்ளலாம். குற்றம் சாட்டிய பின் உண்மை தெரிய வந்தாலும், சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது.

மிச்சிகனில் நடந்தது

காரில் கீறல் விழுமா, பெற்றோல் குறையுமா என்றுதான் நாம் பெரும்பாலும் யோசிக்கிறோம். அதைவிடப் பாரதூரமான ஒன்றை எமது எல்லைக்கு அப்பால் நடந்த சம்பவம் காட்டியது.

2020 மார்ச் மாதம், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து றொச்செஸ்ரர் ஹில்ஸ் நகரில் ஒருவர் தமது 2019ஆம் ஆண்டு ஜீப் றாங்லர் வாகனத்தை எண்ணெய் மாற்றுவதற்காக ஒரு விற்பனை நிறுவனத்தில் ஒப்படைத்தார். அந்த வாகனத்துக்குக் கையால் மாற்றும் கியர். அதை இயக்கிய ஊழியருக்கு வயது 19; சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை; கிளச் வைத்து ஓட்டவும் தெரியாது. வாகனம் திடீரெனப் பாய்ந்தது. முன்னால் நின்ற 42 வயதுச் சக ஊழியர் உயிரிழந்தார். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் காரணமாக அவரது குடும்பத்தினரால் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர முடியவில்லை. எனவே வழக்கு வாகனச் சொந்தக்காரர் மீது வந்தது. சம்மதத்துடன் வாகனத்தை இயக்கும் ஒருவரின் கவனக்குறைவுக்குச் சொந்தக்காரரும் பொறுப்பு என்பது அம்மாநிலச் சட்டம். பணச் சுமையை இறுதியில் நிறுவனமே ஏற்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியதாக 2022இல் செய்திகள் வந்தன. ஆனாலும் ஒரு மரணத்தின் வழக்கில் அவரது பெயர் ஏறியது ஏறியதுதான்.

எமது ஒன்ராறியோவிலும் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 192ஆம் பிரிவு, சம்மதத்துடன் கொடுத்த வாகனத்தால் பிறருக்கு ஏற்படும் இழப்புக்குச் சொந்தக்காரரையும் பொறுப்பாக்குகிறது.

அந்தச் சொந்தக்காரர் செய்த பாவம் என்ன? எமது பார்வையில் எதுவுமில்லை. அனுமதிப்பத்திரம் இல்லாத ஒருவரை வாகனத்தில் ஏற விட்டது நிறுவனம். சட்டம் சொல்லும் பொறுப்பும் மனச்சாட்சி சொல்லும் குற்றமும் ஒன்றல்ல. இருந்தாலும் ஒரு பாடம் மிஞ்சுகிறது. நாம் நிறுவனத்தை நம்புகிறோம்; நிறுவனம் மேற்பார்வையாளரை நம்புகிறது; மேற்பார்வையாளர் புதிய ஊழியரை நம்புகிறார். இந்தச் சங்கிலியில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்காவிட்டால், அது நம்பிக்கை அல்ல, அசட்டை. அதன் விலையைக் கொடுப்பவர் சங்கிலியில் சேராத மூன்றாவது ஆளாகவும் இருக்கலாம்: வீதியைக் கடக்கும் ஒரு தாய், பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளை.

கணக்குப் பார்ப்பது அவமதிப்பு அல்ல

கணக்காளர் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழகிய விடயம். 1896இல் கிங்ஸ்ரன் பருத்தி ஆலை வழக்கில் நீதிபதி லோப்ஸ், கணக்காய்வாளர் காவல் நாயைப் போன்றவர், மோப்பம் பிடித்துத் துரத்தும் வேட்டை நாய் அல்ல என்ற கருத்தைச் சொன்னார். எல்லோரையும் கள்வர் என்று எண்ணிக்கொண்டு கணக்காய்வு செய்ய முடியாது. அதேவேளை பற்றுச்சீட்டைப் பாராமல் கையொப்பம் வைக்கவும் முடியாது. நேர்மையான காசாளர் கணக்குக் கேட்டால் கோபப்படமாட்டார்; அவருக்கு அதுவே பாதுகாப்பு.

திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளும் இதைத்தான் உணர்த்துகிறது. சோதியாமல் நம்புவதும் தவறு. நம்பிய பிறகு ஐயப்பட்டுக்கொண்டிருப்பதும் தவறு. இரண்டும் தீராத துன்பத்தையே தரும். நாமோ அனேகமாகத் தலைகீழாக நடக்கிறோம். கொடுக்கும்போது அவசரம், ஒன்றும் கேட்பதில்லை. கொடுத்த பின் காத்திருக்கும் நேரம் முழுவதும் சந்தேகம்.

ஆகவே திறப்பைக் கொடுக்கும் முன் கேட்போம். ஓட்டிப் பார்ப்பவர் யார்? அவரிடம் அனுமதிப்பத்திரம் உண்டா? ஒன்ராறியோவில் கார் திருத்தும் தொழிலைச் செய்பவர் சான்றிதழ் பெற்றவராகவோ பதிவு செய்த பயிலுநராகவோ இருக்க வேண்டும். பயிலுநரிடம் ஜீ1 அனுமதி மட்டும் இருந்தால், குறைந்தது 4 வருட அனுபவமுள்ள சாரதி பக்கத்தில் இல்லாமல் அவர் வீதியில் ஓட்டக் கூடாது. கிளச் உள்ள கார் என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்வோம். நிறுவனத்துக்குக் காப்புறுதி உண்டா என்று கேட்போம். ஓடிய கிலோமீற்றரை இரு தரப்பும் பார்க்க எழுதி வைப்போம். வீட்டுத் திறப்பைக் கழற்றி எடுப்போம். காரில் கமரா பூட்டியிருந்தால் அதையும் சொல்லிவிடுவோம். ஒளித்து வைத்துப் பார்ப்பது வேவு. சொல்லிவிட்டுப் பார்ப்பது கணக்கு.

கார் திரும்பி வந்ததும் கணக்கைப் பார்ப்போம். எவ்வளவு தூரம் ஓடினீர்கள், என்ன கண்டீர்கள் என்று மரியாதையாகக் கேட்போம். எழுத்தில் தந்த மதிப்பீட்டைவிட 10 சதவீதத்துக்கு மேல் எமது சம்மதமின்றி அறவிடக் கூடாது என்றும், செய்த திருத்தத்துக்கு 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர் உத்தரவாதம் உண்டு என்றும் ஒன்ராறியோவின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விதித்தது. மாற்றிய பழைய பாகங்களையும் பொதுவாகக் கேட்டுப் பெறலாம். இவற்றை அறிந்திருப்பவர் சத்தம் போடத் தேவையில்லை.

இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் அந்த மனிதரை வேலை செய்ய விடுவோம்.

கராஜில் வேலை செய்யும் எமது இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கையில் தருவது ஒரு குடும்பத்தின் பல வருட உழைப்பு. ஓட்டத் தெரியாத வாகனம் வந்தால் “எனக்கு இது பழக்கமில்லை” என்று சொல்லத் தயங்காதீர்கள். அதைச் சொல்வதில் வெட்கம் எதுவுமில்லை. அந்த ஒரு வசனம் ஒரு உயிரைக் காப்பாற்றக்கூடும்.

நம்பிக்கை என்பது கண்ணை மூடிக்கொள்வது என்று பிள்ளைகளுக்குப் பழக்கவும் வேண்டாம். ஒருவரையும் நம்பாதே என்று பழக்கவும் வேண்டாம். முகம் பார்த்துக் கேட்டு, மனமாரக் கொடுத்து, திரும்பி வந்ததைச் சரிபார்த்து, நன்றி சொல்லிக் காரை எடுத்து வருவதை அவர்கள் எம்மிடம் பார்த்துப் பழகட்டும்.