கிருமி தந்தவனுக்கு மருந்தில் பங்கில்லையா?

இன்னும் வராத ஒரு நோய்க்கு இன்றே மருந்து தேடி வைப்பது தவக்குலுக்கு முரணாகுமா? அப்படித் தேடிய மருந்து யாருக்கு உரியது? பறவைக் காய்ச்சலைப் பற்றிக் கேள்விப்படும் முஃமினின் உள்ளத்தில் இவ்விரு வினாக்களும் எழவே செய்யும்.

முதலில் விஷயத்தை அறிந்துகொள்வோம். 1997-ல் ஹாங்காங்கில் எச்5என்1 என்னும் கோழிக் காய்ச்சல் கிருமி 18 மனிதர்களைப் பற்றியது. 6 பேர் மாண்டனர். 2003 முதல் உலகெங்கும் 900-க்கு மேற்பட்டோரை அது பிடித்து, ஏறத்தாழப் பாதிப்பேரைக் கொன்றிருக்கிறது. மனிதரிடமிருந்து மனிதருக்கு எளிதில் தாவும் ஆற்றலை அது இன்னும் பெறவில்லை. ஆனால் அடிக்கடி உருமாறுவது அதன் இயல்பு. அந்த ஆற்றலைப் பெற்ற பிறகு மருந்து செய்யத் தொடங்கினால், முடிப்பதற்குள் மாதங்கள் பல கழிந்துவிடும். எனவே விஞ்ஞானிகள் நோயாளிகளிடம் கிடைத்த கிருமியைக் கொண்டு, அதன் கொடுமைக்குக் காரணமான பகுதியை நீக்கி, தடுப்பூசிக்குரிய வித்தை முன்கூட்டியே ஆயத்தம் செய்கிறார்கள். கிருமி மாற மாற வித்தையும் மாற்றுகிறார்கள்.

இது தவக்குலுக்கு முரணன்று. ஹஜ்ரத் யூசுஃப் (அலை) அவர்கள், செழிப்பான ஏழாண்டுகளில், வரவிருந்த பஞ்சத்துக்காகத் தானியத்தைக் கதிரோடு சேமிக்கச் செய்தார்கள். நபியின் தவக்குலை விடவா நம் தவக்குல் உயர்ந்தது?

"அவர்களுக்குத் திட்டமாகத் தெரிந்திருந்தது, மருத்துவர்கள் யூகமல்லவா செய்கிறார்கள்?" எனச் சிலர் வினவலாம். கிப்லா தெரியாத ஊரில் நாம் என்ன செய்கிறோம்? உறுதி கிடைக்கும் வரை தொழுகையை விட்டுவிடுவதில்லை. அடையாளங்களை ஆராய்ந்து, மிகைத்த எண்ணத்தின்படி தக்பீர் கட்டுகிறோம். வணக்கத்திற்கே அது போதுமென்றால், உயிரைக் காக்கும் முயற்சிக்குப் போதாதா?

இரண்டாவது வினாதான் கடினமானது. இந்தோனேசியாவில் 2005 முதல் 2017 வரை 200 பேரை இந்நோய் தாக்கியது. 168 பேர் இறந்தனர். அவர்களிடம் எடுத்த கிருமிகளை அந்நாடு உலக சுகாதார நிறுவனத்துக்கு இலவசமாக அனுப்பி வந்தது. அக்கிருமியிலிருந்து ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று தடுப்பு மருந்து தயாரிக்க முற்பட்டதை அறிந்தபோது, அன்றைய சுகாதார அமைச்சர் சித்தி ஃபாதிலா சுபாரி சினந்தார். எங்கள் மையித்துகளிலிருந்து பிறந்த மருந்தை நாங்களே வாங்க வழியில்லையென்றால் இது என்ன நியாயம் என்பதே அவர் வாதத்தின் சாரம். 2007-ல் இந்தோனேசியா கிருமி அனுப்புவதை நிறுத்திக்கொண்டது.

இதில் நியாயம் யார் பக்கம்? கிணறு பற்றிய ஃபிக்ஹுச் சட்டத்தை இங்கே நினைவுகூர வேண்டும். கிணறு வெட்டியவனுக்கு அதன் நீரில் முதலுரிமை உண்டு. ஆனால் தன் தேவைக்குப் போக மிஞ்சியதைத் தாகித்தவனுக்கு மறுக்க அவனுக்கு உரிமையில்லை. மருந்து செய்தவரும் செலவிட்டிருக்கிறார். கூலியும் இலாபமும் அவருக்கு ஹலால். ஆனால் செல்வ நாடுகள் முன்பணம் கட்டி முழுவதையும் வளைத்துக்கொள்வதும், விற்பவர் அதற்கு உடன்படுவதும் பதுக்கலின் இனத்தைச் சேர்ந்தவை. மேலும், இந்தக் கிணறு வெட்டப்பட்டது யாருடைய நிலத்தில்? நோயுற்ற ஏழையின் உடலில் அல்லவா?

ஆகவே இந்தோனேசியா கேட்டது நியாயமே. எனினும் அது கையாண்ட வழி வேறு விஷயம். ஒரு தீங்கை அதற்கிணையான மற்றொரு தீங்கால் நீக்கலாகாது என்பது சட்ட விதி. கிருமியை மறைத்ததால் துன்புறக்கூடியவர் அந்த வியாபாரி அல்லர். இந்தச் சச்சரவில் எந்தச் சம்பந்தமும் இல்லாத ஏதோ ஒரு கிராமத்துக் கோழிக்காரர். அவர் இந்தோனேசியராகவும் இருக்கலாம். உரிமைக்காக வழக்காடலாம்; மற்றவரின் உயிரைப் பணயம் வைத்து வழக்காடலாகாது.

அவ்வழக்கு வீண்போகவில்லை. 2011-ல் உலக நாடுகள் கூடி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. நாடுகள் கிருமியைத் தடையின்றிப் பகிர வேண்டும். அதைப் பெற்று மருந்து செய்வோர், பெருநோய்க் காலத்தில் தம் தயாரிப்பில் குறைந்தது 10 சதவீதத்தை இலவசமாகவோ இயன்ற விலையிலோ உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க உடன்படலாம். இது நல்ல தொடக்கமே. ஆனால் எஞ்சிய 90 சதவீதம் யாருக்கு? 2021-ல் கொரோனா தடுப்பூசி செல்வ நாடுகளில் குவிந்து, ஏழை நாடுகள் காத்துக் கிடந்ததைக் கண்ட நமக்கு இவ்வினாவைத் தள்ளிவிட முடியாது.

யூசுஃப் (அலை) அவர்களின் களஞ்சியத்தை மீண்டும் பாருங்கள். அது மிஸ்ரு மக்களுக்கு மட்டும் திறக்கவில்லை. கன்ஆனிலிருந்து பசியோடு வந்தவர்களுக்கும் அளந்து கொடுத்தது; அவர்களில் தம்மைக் கிணற்றில் தள்ளியவர்களும் இருந்தார்கள்! சேமிப்பது பாதி சுன்னத்து, பகிர்வதே மறுபாதி.

நமக்கும் ஒரு கடமை உண்டு. மருத்துவக் கல்வி ஃபர்ளு கிஃபாயா என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதிவைத்தார்கள். சமுதாயத்தில் போதுமானோர் அதைச் செய்யாவிட்டால் குற்றம் அனைவர் மீதும் சாரும். பிறர் கிணற்றின் ஓரத்தில் நின்று நியாயம் பேசுவதோடு நம் பொறுப்பு தீர்ந்துவிடாது. கிணறு வெட்டும் கரங்களை நம் பிள்ளைகளிலிருந்தும் உருவாக்க வேண்டும். வெட்டிய பின், தாகித்தவர் எவராயினும் நீர் தரும் நெஞ்சையும் அவர்களுக்கு ஊட்ட வேண்டும். வல்ல அல்லாஹ் அதற்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.