வைரம் வந்த வழியே மணலும்

நமீபியாவின் தென்மேற்குக் கரையில் லூடரிட்ஸ் என்றொரு துறைமுகம். அங்கிருந்து 10 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக உள்ளே போனால், பாலைவனத்தின் நடுவே கோல்மன்ஸ்கோப் நிற்கிறது. ஆள் குடியில்லாத ஊர். மாடி வீடுகள், பள்ளிக்கூடம், மருத்துவமனை, நாடகமும் நடனமும் நடந்த பெரிய கூடம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. வீடுகளுக்குள் மணல். வாசல் நிலையை ஒட்டி முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும் மணல், அடுத்த அறையில் இடுப்பளவு ஏறி, மூலையில் ஜன்னலைத் தொடுகிறது. கதவு அரைகுறையாகத் திறந்த நிலையில் புதைந்துவிட்டது. இனி அதை மூடவும் முடியாது, திறக்கவும் முடியாது. மணலுக்கு மேலே தெரியும் சுவரில் நீலமும் பச்சையுமாகப் பூசிய வண்ணம் ஏடு ஏடாக உரிந்தும் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. மழை அபூர்வமான ஊர் அது.

இந்த அறைகளின் படங்களைப் பார்த்தவர்கள், மனிதன் விட்டுப்போனதை இயற்கை எடுத்துக்கொண்டது என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது போதுமானதாகப் படவில்லை. இந்த ஊர் ஏன் உண்டானது, ஏன் காலியானது, ஏன் மணலால் நிறைகிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் தெற்கே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் கலக்கும் ஓர் ஆற்றிடம் பதில் இருக்கிறது. அதன் பெயர் ஆரஞ்சு.

தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டில், இன்றைய கிம்பர்லி வட்டாரத்தில், ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்திலிருந்து எரிமலைக் குழம்பு பீறிட்டது. வைரங்கள் அதோடு மேலே வந்தன. பிறகு மழையும் வெயிலும் அந்தப் பாறைகளின் தலைப்பகுதியை அரித்தன. அரித்துக் கரைத்ததை ஆறுகள் மேற்கே அட்லாண்டிக் வரை இழுத்து வந்தன. அந்த நெடும்பயணத்தில் விரிசல் விழுந்த கற்கள் நொறுங்கிப்போயின. உறுதியானவை மட்டும் தப்பின. நமீபிய வைரங்களில் 100க்கு 95 கற்கள் நகைக்கு ஏற்ற தரம் கொண்டவை என்பதற்கு இதுதான் காரணம்.

ஆரஞ்சின் கழிமுகத்தோடு பயணம் முடியவில்லை. அந்தக் கரையில் தென்மேற்கிலிருந்து வரும் அலை ஓய்வதே இல்லை. அலைகள் கரையில் சாய்வாக மோதுவதால், ஆறு கொட்டிய கல்லும் மணலும் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே நகர்கின்றன. கனமான கல் சீக்கிரம் தங்கிவிடும், சிறியது தொலைதூரம் போகும். கழிமுகத்துக்கு அருகில் பெரிய வைரங்கள், வடக்கே போகப் போகச் சிறியவை என்ற ஒழுங்கு இப்படித்தான் அமைந்தது. கடைசியில் காற்றின் வேலை. கடற்கரையில் ஒதுங்கியதைத் தென்காற்று அள்ளிப் பள்ளங்களில் போட்டுப் புடைத்தது. முறத்தில் உமி பறப்பதுபோல் மெல்லிய மணல் வடக்கே பறந்தது. கனமான சரளையும் வைரமும் தரையிலேயே தங்கின. ஆகவே கோல்மன்ஸ்கோப் வட்டாரத்தில் சுரங்கம் தோண்டத் தேவையிருக்கவில்லை. வைரம் தரைமேல் கிடந்தது.

அதைக் கண்டெடுத்தவர் ஸக்காரியாஸ் லெவாலா. ரயில் பாதையை மூடும் மணலை மண்வெட்டியால் வாரிப்போடுவது அவர் வேலை. 1908 ஏப்ரலில் அப்படி வாரும்போது ஒரு கல் மின்னியது. கிம்பர்லியில் முன்பு வேலை பார்த்தவர் என்பதால் அவருக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மேலதிகாரி ஆகஸ்ட் ஸ்டாவுக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். ஸ்டாவுக் தேடுதல் உரிமம் வாங்கிப் பெரும் செல்வரானார். லெவாலாவுக்குப் பரிசாக எதுவும் கிடைக்கவில்லை.

அந்த ரயில் பாதைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை விட்டுவிட்டு இந்த ஊரைப் பற்றிப் பேசுவது நியாயமல்ல. அப்போது ஜெர்மனியின் குடியேற்ற நாடாக இருந்த இந்த மண்ணில் ஹெரெரோ, நாமா மக்கள் எதிர்த்தெழுந்தார்கள். 1904 முதல் 1908 வரை ஜெர்மானியப் படை அவர்களைக் கொன்று குவித்தது. பிழைத்தவர்களில் பலரை லூடரிட்ஸ் கரையோரம் சுறாத் தீவில் வதைமுகாமில் அடைத்தார்கள். குளிரும் பட்டினியும் நோயும் அங்கே ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டன. உள்நாட்டுக்குப் போகும் ரயில் பாதையைப் போட அந்தக் கைதிகளையே இழுத்துப்போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் திரும்பவில்லை. லெவாலா மணல் வாரியது அந்தப் பாதையில். நடந்தது இனப்படுகொலை என்று ஜெர்மனி 2021இல்தான் ஒப்புக்கொண்டது.

வைரம் கிடைத்த சில மாதங்களிலேயே ஆரஞ்சு ஆறு வரை, கரையிலிருந்து 100 கிலோமீட்டர் உள்ளே வரை, தடைசெய்யப்பட்ட பகுதியாக அரசு அறிவித்தது. கோல்மன்ஸ்கோப் ஒரு ஜெர்மன் சிற்றூராக வளர்ந்தது. தொடக்கத்தில் குடிநீர் கேப் டவுனிலிருந்து கப்பலில் வந்தது. ஆனாலும் பனிக்கட்டி ஆலை இருந்தது. வீடுதோறும் நாள்தோறும் கட்டி வந்து சேர்ந்தது. மருத்துவமனையில் எக்ஸ்ரே கருவி இருந்தது. எலும்பு முறிவைப் பார்க்க மட்டுமின்றி, தொழிலாளர்கள் வைரத்தை விழுங்கியிருக்கிறார்களா என்று சோதிக்கவும் அது பயன்பட்டது. உச்சக்கட்டத்தில் ஊரில் ஏறத்தாழ 300 ஜெர்மானியப் பெரியவர்கள், 40 குழந்தைகள், 800 ஓவாம்போ தொழிலாளர்கள். பனிக்கட்டியும் நடனக் கூடமும் யாருக்கு, பள்ளத்தாக்கில் வரிசையாகத் தவழ்ந்து கல் பொறுக்கியது யார் என்பது இந்த எண்ணிக்கையிலேயே தெரிகிறது. அந்த 800 பேரின் குடியிருப்பு படங்களில் அதிகம் தலைகாட்டுவதில்லை.

ஊர் காலியான காரணமும் அலையின் ஒழுங்கில்தான் இருக்கிறது. பெரிய கற்கள் கழிமுகத்தருகே தங்கியிருந்தன. 1928இல் அங்கே வளமான படிவுகள் தெரியவந்ததும் கோல்மன்ஸ்கோப்பின் சிறு கற்களுக்கு மவுசு குறைந்தது. வைரம் எடுத்த கம்பெனி 1943இல் தன் தலைமையிடத்தைத் தெற்கே, அந்தக் கழிமுகத்தருகே உள்ள ஒரான்யமுண்டுக்கு மாற்றியது. ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. 1956க்குள் ஊரில் எவரும் இல்லை.

மணலைத் தினமும் வாரிக்கொட்டுவதற்கு ஆள் இருந்தவரை வீடுகள் வீடுகளாக இருந்தன. ஆள் போனதும் காற்று உள்ளே வந்தது. வடக்கே நமீப் மணற்கடல் என்ற பெயரில் 2013இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மாபெரும் மணல்மேடுகளை ஆய்வாளர்கள் சோதித்தபோது, அந்த மணலில் பெரும்பகுதி ஆரஞ்சு ஆறு கொண்டுவந்தது என்று தெரிந்தது. ஆறு, அலை, காற்று: வைரம் வந்த அதே வழி. கோல்மன்ஸ்கோப்பின் அறைகளை நிறைப்பதும் அந்தக் கரையிலிருந்து அதே தென்காற்று தூக்கிவரும் மணல்தான்.

ஊர் இப்போது அருங்காட்சியகம். அனுமதிச் சீட்டு வாங்கிப் பார்க்கலாம். பிற்பகலில் காற்று கடுமையாகும் என்பதால் காலையிலேயே போவது நல்லது. போகிறவர்கள் அன்றைக்கே லூடரிட்ஸ் திரும்பிச் சுறாத் தீவுக்கும் போய்வர வேண்டும். ஊரை ஒட்டியே இருக்கிறது. இறந்தவர்களுக்கான நினைவுக்கல்லும் அங்கே உண்டு. அதைப் பார்க்காமல் கோல்மன்ஸ்கோப்பைப் பார்த்ததாகக் கணக்கில்லை.