நித்திய கர்மமும் நீர் வடித்த நிலமும்

இங்கிலாந்தின் கீழ்த்திசையில், ஈலி நகரத்துப் பெருந்தேவாலயத்துக்குக் கிழக்கே சில மைல் தொலைவில், லார்க் நதிக்கரையில் பிரிக்வில்லோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே நதியைக் காண விரும்புகிறவன் கரைமீது ஏற வேண்டும். வயலைக் காண விரும்புகிறவன் அதே கரையில் நின்று கீழே குனிந்து பார்க்க வேண்டும். ஊரின் அடித்தளம் இதனினும் விசித்திரமானது. ஒருகாலத்தில் அவ்வழியே சென்ற ஊஸ் நதி வேறு வாய்க்காலில் திருப்பப்பட்டபின், அது விட்டுச்சென்ற வண்டல் சுருங்காமல் நிற்க, சுற்றிலுமிருந்த மக்கிய கரிமண் மட்டும் ஆண்டுதோறும் அமிழ்ந்துபோகவே, பள்ளமாயிருந்த ஆறு மேடாகி, அதன் முதுகில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். தரையோடு தரையாகக் கட்டப்பட்ட பாதிரியார் இல்லத்து வாசலை இன்று படியேறித்தான் அடைய வேண்டியிருக்கிறது.

இந்த விபரீதம் சிருஷ்டியில் நேர்ந்ததன்று. 17-ஆம் நூற்றாண்டில் பெட்போர்டு பிரபுவும் அவரோடு முதல்போட்ட கூட்டாளிகளும் வெர்முய்டன் என்னும் டச்சுப் பொறியாளரைக் கொண்டு அப்பகுதியில் பரந்துகிடந்த சதுப்பு நிலத்தை வடிக்கத் தொடங்கியபோது, விலாங்கு பிடித்தும் நாணல் அறுத்தும் பறவை வேட்டையாடியும் பிழைத்த மக்கள் வயிற்றெரிச்சலோடு எதிர்த்தார்கள். எதிர்ப்பு சமயவாத உருவமும் எடுத்தது. நீருக்கு எல்லை வகுத்தவர் கடவுள். அந்த எல்லையை மாற்ற மனிதனுக்கு ஏது அதிகாரம்? தாமஸ் ஃபுல்லர் என்னும் பாதிரியார் 1655-இல் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைச் சரித்திரத்தில் இந்த ஆட்சேபத்தை எடுத்துக்கொண்டு, அது சமுத்திரத்துக்கே பொருந்தும், நன்னீரிடமிருந்து உழைப்பால் மீட்கத்தக்க நிலத்துக்கு அதைச் சொல்வது சோம்பேறிகளின் சித்தாந்தம் என்று சமாதானம் கூறினார். கெட்டிக்காரத்தனமான பதில்தான். ஆனால் மீட்பு என்பது ஒருமுறை செய்து முடித்துவிடக்கூடிய காரியம் என்ற அனுமானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது.

முடிவில்லாத காரியத்துக்கு நம்மவரிடம் ஒரு பெயர் உண்டு. வேத விதிகளை ஆராய்ந்த மீமாம்சகர்கள் கர்மங்களை வகுத்தபோது, பலனை விரும்பிச் செய்யும் காமியத்தையும், நாள்தோறும் செய்தாக வேண்டிய நித்தியத்தையும் வேறு பிரித்தார்கள். நித்திய கர்மத்தைச் செய்தால் தனிப் பலன் இல்லை, விட்டால் பிரத்தியவாயம் என்னும் தோஷம் உண்டு என்பது அவர்களில் ஒரு சாராரின் கொள்கை. பெட்போர்டு பிரபு செய்தது சந்தேகமில்லாமல் காமிய கர்மம். அவர் வழிவந்தோருக்கு அது நித்தியமாக மாறிவிட்டது. முதலில் காற்றாலை, பிறகு நீராவி எந்திரம், 1924-இல் பிரிக்வில்லோவில் டீசல் எந்திரம், இப்போது மின்சாரப் பம்பு என்று கருவிகள் மாறினவேயன்றி, வயலின் நீரை உயரத்தில் ஓடும் நதிக்கு ஏற்றும் கிரியை நின்றபாடில்லை. அந்த டீசல் எந்திரம் இன்று காட்சிசாலைப் பொருள். அது செய்த வேலைக்கு ஓய்வில்லை.

இவ்வளவோடு நின்றிருந்தால் இதை ஓர் அழகிய உபமானம் என்று சொல்லி மகிழலாம். ஆனால் அந்தக் கரிமண் நீரில் ஊறிக் கிடந்தவரைதான் அழியாமல் இருந்தது. நீர் வடிந்ததும் காற்றுப் புகுந்து, நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தொடங்கின. வசந்த காலத்துச் சூறாவளியோ விதைத்த விதையையும் சேர்த்துத் தூசியாக வாரிச்செல்கிறது. மேற்கே ஹோம் என்னும் ஊருக்கருகே, 1851-ஆம் ஆண்டு வாக்கில், அடியிலுள்ள களிமண்வரை இறக்கித் தலை தரைமட்டத்தில் இருக்குமாறு நாட்டப்பட்ட இரும்புத் தூண் இன்று ஏறக்குறைய 4 மீட்டர் வெளியே நிற்கிறது. நிலத்தின் சத்துரு என்று விரட்டப்பட்ட நீரே அதைத் தாங்கி நின்ற ஆதாரம்! இறைத்தால் மண் கரைகிறது. இறைக்காவிட்டால் ஊர் முழுகுகிறது. தன் வேள்விக்குண்டத்தையே ஆகுதியாக உண்ணும் நித்திய கர்மத்துக்கு எந்தச் சாஸ்திரத்திலும் விதி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஃபுல்லரின் எதிரிகள் சொன்ன காரணத்தை நான் ஒப்பவில்லை. எல்லையை மாற்றுவது அபசாரமானால், ஏர் பிடித்தவர் எல்லோரும் அபசாரிகளே. ஆயினும் அவர்களுடைய அச்சம் அவர்களுடைய தர்க்கத்தைவிட உயர்ந்ததாயிருந்தது. ஹோம் பக்கத்தில் இப்போது வயல்களை விலைக்கு வாங்கி மறுபடியும் நீர் தேக்குகிறார்கள். அதைப் பிராயச்சித்தம் என்று சொன்னால் மிகையாகாது. உருளைக்கிழங்கும் வெங்காயமும் சர்க்கரைக்கிழங்கும் விளையும் கரிய வயல்களை நம்பி வீடும் தேவாலயமும் கட்டிக்கொண்ட ஊரிலோ அது அவ்வளவு சுலபமன்று. மேலும், பிராயச்சித்தத்துக்கு விதி வகுத்தவர்கள் தவறு செய்த கர்த்தா உயிரோடு இருப்பதாக வைத்துக்கொண்டே வகுத்தார்கள். இங்கே கர்த்தா இறந்து 3 நூற்றாண்டுகளுக்கு மேலாகிறது. அவன் சங்கற்பித்ததை அவன் முகமறியாத குடியானவர்கள், வடிகால் வரி கட்டி, நடத்திக்கொண்டிருக்கிறார்கள்.