பவளமும் உயிரே



மண், மணல், உப்பு, பொன் ஆகியவற்றோடு பவளத்தையும் நிலத்தை உடம்பாகக் கொண்ட ஓரறிவுயிர்களுள் வைத்தெண்ணினர் நம் ஆகம ஆசிரியர். உலகம் பவளத்தைக் கல்லென்றும் அணியென்றும் மட்டுமே கண்ட காலத்தில், அதனுள் உயிர் உண்டெனச் சொன்ன நற்காட்சி அது.

இன்றைய உயிரியல் இன்னும் ஒருபடி சென்று, அதனை விலங்கு என்கிறது. வாயும் வயிறும் இரை பற்றும் உணர்கொம்புகளும் உடைய நுண்ணுயிர் அது. 'பவளப்பூச்சி' என்றே நாம் வகுப்பறையில் கற்பித்தோம். தன்னடியில் அது சுரக்கும் சுண்ணாம்பே பல நூறாண்டுகளில் பாறையாகிறது. ஆகமம் பெரிதா, அறிவியல் பெரிதா என்று வழக்காடுவது வீண். நாம் எண்ண வேண்டுவது வேறொன்று. நிலையுயிரைத் தேவைக்கேற்பப் பயன்கொள்ள இல்லறத்தார்க்கு இடமுண்டு. இயங்குயிரை அறிந்தே கொல்லுதல் அணுவிரதத்திற்கே கேடு. சங்கையும் முத்தையும் பட்டையும் ஐயுற்று ஒதுக்கும் நாம், தாலியில் கோக்கும் பவளமணியை மட்டும் கல்லென்று விட்டுவிட்டோம்!

மன்னார் வளைகுடாவிலே மண்டபம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சூழ்ந்து பவளப் பாறைகள் உள்ளன. 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. உலகக் கடற்பரப்பில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில் இருக்கும் இப்பாறைகளை அண்டியே கடலுயிர் வகைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வாழ்கின்றது. ஆயினும் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் ஆலைகளுக்கும் இவை பல்லாண்டுகள் வெட்டி எடுக்கப்பட்டன. அலை தடுக்கும் அரண் போனதால் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் கடலுள் மறைந்தன. 2001இல் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் சேர்ந்த பின்னரே வெட்டுதல் ஓய்ந்தது.

இப்போது வந்திருப்பது வெம்மை. பவளத்தின் திசுவுள் நுண்பாசி குடியிருந்து, ஒளியால் உணவாக்கி அதற்கும் ஊட்டுகிறது, நிறமும் தருகிறது. கோடையின் வழக்கமான வெப்பத்தினும் ஒரு பாகை மிகுந்து சில வாரங்கள் நீடித்தால் பவளம் அப்பாசியை வெளியேற்றி வெளுத்துப் பசியால் மடிகிறது. மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு நேர்ந்தது. அன்றியும், காற்றில் மிகும் கரியமில வாயு கடலிற் கரைந்து, சுண்ணாம்பு உருவாவதையே தடுக்கின்றது.

"ஓசூரில் இருக்கும் எமக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்கலாம். ஆலைப்பணி நிமித்தம் வந்தவாசி, ஆரணிப் பக்கமிருந்து ஈங்குக் குடியேறிய நம் குடும்பங்களுக்குக் கேள்வி இயல்பே. அந்த வளைகுடாக் கரையிலேயே தூத்துக்குடி அனல்மின் நிலையம் நிலக்கரி எரிக்கின்றது. அம்மின்சாரமும் கலக்கும் பொதுக் கட்டமைப்பிலிருந்தே சிப்காட் ஆலைகளும் நம் வீடுகளும் மின்சாரம் பெறுகின்றன.

குணவிரதங்களுள் அனர்த்ததண்ட விரதம் ஒன்று. பயனின்றி நிலம் அகழ்தல், நீர் சிந்தல், தீ மூட்டல், செடி கொய்தல் ஆகியவற்றை அது விலக்குகிறது. ஆளில்லா அறையில் சுழலும் விசிறி, பயனின்றி மூட்டிய தீ அன்றோ? அடுப்பு கண்ணுக்கெட்டாத தொலைவில் உள்ளது, அவ்வளவே வேறுபாடு. ஆலையில் நம் பிள்ளைகள் செய்யும் பணி பயனின்மையில் சேராது. அதனைக் குற்றமென்று யாரும் கலங்க வேண்டா.

தசலட்சண நாள்களில் நுகர்பொருள்களுக்கு அளவு வரையும் குடும்பங்கள் இன்னும் உள. உணவுக்கும் ஆடைக்கும் எழுதும் அப்பட்டியலில், குளிரூட்டி ஓடும் நேரத்தையும் இவ்வாண்டு எழுதிக்கொள்ளலாம்.