செல்வமா, செங்கோலா?

கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு நாட்டைக் காப்பது எது? செல்வம் என்பதே நம்மில் பலரின் உடனடி விடை. மருத்துவமனையும் மருந்தும் ஆய்வுக்கூடமும் பணத்தால் ஆவன அல்லவா? 2019 அக்டோபரில் வெளியான உலக நலப் பாதுகாப்புக் குறியீடும் அவ்வாறே எண்ணத் தூண்டிற்று. கொள்ளைநோயை எதிர்கொள்ளும் ஆயத்தத்தில் 195 நாடுகளுள் அமெரிக்காவுக்கே அது முதலிடம் அளித்தது. ஆனால் 2022 மே மாதத்திற்குள் அந்நாட்டில் கொரோனாவால் மாண்டோர் பத்து இலட்சத்தைக் கடந்தனர். முகக்கவசம் அணிவதுகூட அங்குக் கட்சிப் பூசலாயிற்று.

வியட்நாம் அத்தகைய செல்வம் படைத்த நாடன்று. எனினும் 2003-இல் சார்ஸ் நோயை எதிர்த்து நின்ற பட்டறிவு அதற்கு இருந்தது. எல்லைகளை விரைந்து மூடி, நோயுற்றோருடன் பழகியவர்களைத் தேடித் தனிமைப்படுத்திற்று. ஏறத்தாழப் பத்துக் கோடி மக்கள் வாழும் அந்நாட்டில் 2020 இறுதிவரை பதிவான கொரோனா மரணங்கள் 35 மட்டுமே.

அங்ஙனமாயின் நல்லாட்சி ஒன்றே போதும் என முடித்துவிடலாமா? இயலாது. 2021-இல் விரைந்து பரவும் டெல்டா வகை வந்தபோது தடுப்பூசி இன்றியமையாததாயிற்று. உற்பத்தியின் பெரும்பகுதியைச் செல்வ நாடுகள் முன்னரே ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தன. வியட்நாமுக்குப் போதிய அளவு கிட்டவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் அங்கு இறந்தோர் 30,000-க்கும் மேல்.

இங்கேதான் அறத்தின் வினா எழுகிறது. தன் குடிமக்களை முதலில் காப்பது அரசின் கடமை. தன் பிள்ளைக்கு முதலில் சோறிடும் தாயை யார் பழிப்பர்? ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளை முதற்கவளத்திற்கே ஏங்கும்போது, மறுவேளைக்கும் சேர்த்து அடுக்களையைப் பூட்டிவைப்பது பாசமாகுமா? முதல் ஊசியே கிட்டாத ஏழை நாடுகளின் பொருட்டு மூன்றாம் ஊசியைச் சற்றே நிறுத்திவைக்குமாறு 2021 ஆகஸ்டில் உலகச் சுகாதார நிறுவனம் வேண்டியது. செல்வ நாடுகள் பல செவிசாய்க்கவில்லை.

அதே ஆண்டு இரண்டாம் அலையின்போது நம் நாடும் தடுப்பூசி ஏற்றுமதியை நிறுத்திற்று. வீடு பற்றி எரிகையில் கதவடைத்ததையும், வயிறு நிறைந்தபின் கதவடைத்ததையும் நாம் ஒன்றாகக் கருதலாகாது. எனினும் காத்திருந்த ஆப்பிரிக்க நாடுகளுக்கு இழப்பு ஒன்றே.

செல்வம் தருவது வாய்ப்பு. அவ்வாய்ப்பு யாரைச் சென்றடையும் என்பதை முடிவு செய்வது கொள்கை. அக்கொள்கை நோயற்ற நாள்களிலேயே வகுக்கப்படுகிறது. எனவே வாக்குக் கேட்டு வருவோரிடம் சாலையும் விளக்கும் கேட்கும் நாம், ஊர்ச் சுகாதார நிலையத்தைப் பற்றியும், அடுத்த கொள்ளைநோயில் அயலாருக்கு உரிய பங்கைப் பற்றியும் கேட்கக் கடமைப்பட்டுள்ளோம்.