படிக்கும் காலத்தில் ஒரு பொறுப்பு

"படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு வேலை?" என்று கேட்காத பெற்றோர் நம் ஊரில் குறைவு. தாங்கள் பட்ட பாட்டைப் பிள்ளையும் படக்கூடாது என்ற பாசத்தில் வருகிற கேள்வி அது. அதே பிள்ளை மேற்படிப்புக்கு அமெரிக்கா போனால் நிலைமை மாறிவிடுகிறது. எஃப்-1 விசாவில் இருக்கும் மாணவர் அங்கே, வகுப்பு நடக்கும் காலத்தில், வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பல்கலைக்கழக வளாகத்துக்குள் வேலை பார்க்கலாம். உணவுக்கூடத்தில் தட்டு கழுவுவதும் அதில் அடக்கம். "கைச்செலவுக்கு அவனே சம்பாதிச்சுக்கிறான்" என்று இங்கே பெருமையாகச் சொல்கிறார்கள். கடல் தாண்டினால் கௌரவமாகிற வேலை உள்ளூரில் ஏன் குறைச்சலாகத் தெரிய வேண்டும்?

இத்தனைக்கும் நம் மாணவர்கள் சும்மா இருப்பதில்லை. முகூர்த்த நாள்களில் மண்டபங்களில் கேட்டரிங் வேலைக்கு வருகிறவர்களில் கல்லூரி மாணவர்கள் நிறையப் பேர். விடியற்காலையில் பேப்பர் போடுகிறவர்களும், இரவில் உணவு டெலிவரிக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். கல்லூரிக்கு இது பெரும்பாலும் தெரியாது. தெரிந்தாலும் வருகைப்பதிவு குறைகிறது என்ற புகாராகத்தான் போய்ச் சேரும்.

நான் இளங்கலை படித்தபோது மாலை நேரங்களில் கல்லூரி நூலகத்தில் உதவியாளராக இருந்தேன். திரும்பி வந்த புத்தகங்களை எண் பார்த்து அலமாரியில் சேர்க்க வேண்டும். டூயி பகுப்பு முறையில் தமிழ் இலக்கியம் 894.811, தமிழ்ப் புனைகதைக்கு அதோடு ஒரு 3 சேர்ந்து 894.8113. பார்வைக்கு நீளமான எண். ஆனால் மலையாள இலக்கியமான 894.812-க்கு முன்னால்தான் அது நிற்க வேண்டும். இடம் மாறி வைத்த புத்தகம் தொலைந்த புத்தகம் என்பார் எங்கள் நூலகர். பதிவேட்டில் அது இருக்கும்; தேடி வருகிறவர் கைக்குக் கிடைக்காது. தேர்வில் நான் அசந்தால் என் மதிப்பெண்தான் குறையும். இங்கே நான் அசந்தால், நான் பார்த்தே இராத ஒருவர் மறுநாள் வெறுங்கையோடு திரும்புவார். பிறருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட வேலை எப்படி இருக்கும் என்பது எனக்கு அந்த அலமாரிகளுக்கு நடுவில்தான் பிடிபட்டது.

வேலையின் அருமையைச் சொல்வதால், மாணவர்களை நேர்காணலுக்குத் தயார்ப்படுத்தும் பயிலரங்குகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. முதல் தலைமுறையாகப் பட்டம் படிக்கிற பிள்ளையின் வீட்டில் நேர்காணல் அறையைப் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். தமிழ்நாடு அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் போன்றவை அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய கைதூக்கல். ஆனாலும் மாதிரி நேர்காணலில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும், பேர், ஊர், அப்பாவின் தொழில், பொழுதுபோக்கு என்று நாலு வரியோடு நின்றுவிடுகிறார்கள். முந்தின ஞாயிற்றுக்கிழமை பந்தியில் சாம்பார் தீரும் முன்பே கணித்துச் சமையற்கட்டுக்குக் குரல் கொடுத்தவர், கோபப்பட்ட விருந்தாளியைப் பொறுமையாகச் சமாளித்தவர் அந்த வரிசையிலேயே உட்கார்ந்திருப்பார். அதெல்லாம் சொல்லத் தகுந்த திறமை என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. பயிற்சியாளர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: கடைசியாக என்ன வேலை பார்த்தீர்கள், எங்கே சிக்கல் வந்தது, என்ன செய்தீர்கள்? வேலை அனுபவத்தைத் தரும். அதை எடுத்துச் சொல்லும் தெளிவைப் பயிலரங்கு தர வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே நடப்பதுதான் நம் குறை.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பெரியா கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. அடிமை முறையை எதிர்த்த ஜான் ஃபீ 1855-இல் தொடங்கியது. 1892 முதல் அங்கே கல்விக் கட்டணம் கிடையாது. எல்லா மாணவர்களும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் வேலை பார்க்கிறார்கள். துடைப்பம் கட்டுவது, நெசவு, பண்ணை, அலுவலகம் என்று பலவகை வேலைகள். இதில் என்னை ஈர்ப்பது 'எல்லா மாணவர்களும்' என்பதுதான். எல்லோரும் வேலை பார்க்கிற இடத்தில் வேலை பார்ப்பதற்காக யாரும் கூச வேண்டியதில்லை.

நம் கல்லூரிகளிலும் நூலகம், ஆய்வகம், விடுதி மெஸ் கணக்கு, சேர்க்கைக் காலத்தின் உதவி மையம், இணையதளம் என்று மாணவர்களை நம்பி ஒப்படைக்கக்கூடிய வேலைகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றுக்கு முறையான ஊதியம் வேண்டும், படிப்பைக் கெடுக்காத நேர வரம்பு வேண்டும், தவறினால் உட்கார வைத்துச் சொல்லித்தர ஒரு மூத்தவர் வேண்டும். ஆள் செலவை மிச்சம் பிடிக்கிற வழியாக அது ஆகிவிடக் கூடாது. யார் கையில் துடைப்பம், யார் கையில் கணக்குப் புத்தகம் என்பதைப் பிறப்போ வசதியோ முடிவு செய்யவும் கூடாது. முறை வைத்து எல்லோரும் எல்லா வேலையும் செய்ய வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை மட்டும் எக்காரணம் கொண்டும் தளர்த்தக் கூடாது. எந்த வேலையும் இழிவில்லை என்பதை ஒரு தலைமுறை வாயால் சொல்லாமல் கையால் செய்து பழகினால், அந்தக் கல்லூரி பட்டத்தைவிடப் பெரிய ஒன்றைக் கொடுத்திருக்கிறது என்பேன்.