ஜாடைப் பேச்சு

மருமகளிடம் சொல்ல வேண்டியதைப் பூனையிடம் சொல்கிற வீடுகள் உண்டு. "உனக்கென்னடி, வேளாவேளைக்குப் பால் வருது, விடிஞ்சது தெரியாம தூங்கலாம்." பூனை கண்ணை மூடிக்கொள்ளும். சொன்னது போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும். பதில் அடுக்களையிலிருந்து வரும், டம்ளரைக் கவிழ்க்கிற ஓசையில். எவர்சில்வர் வந்த பிறகு இந்தப் பாஷைக்குத் தொண்டை பெரிதாகிவிட்டது. மண்சட்டிக் காலத்தில் கோபத்தை இப்படிக் காட்டியிருந்தால் அன்றைக்குக் குழம்பு கிடைத்திருக்காது.

ஜாடையின் வசதி அதை மறுக்க முடிவதில்தான் இருக்கிறது. "உன்னையா சொன்னேன்? பூனையையில்ல சொன்னேன்." அதற்கு மேல் யாரும் வாய் திறக்க முடியாது. சண்டை தொடங்கவுமில்லை, முடியவுமில்லை. அப்படியே வருஷக்கணக்கில் அந்த வீட்டில் குடியிருக்கும்.

*

கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளாத நாள்களில் பிள்ளைக்கு வேலை வந்துவிடும்.

"அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு."

"பசியில்லைன்னு சொல்லு."

மூன்று பேரும் ஒரே கூடத்தில்தான் இருக்கிறார்கள். ஒருவர் சொன்னது மற்றவர் காதில் முழுசாக விழுந்துவிட்டது. ஆனாலும் பிள்ளை நாலடி நடந்துபோய்ச் சொல்ல வேண்டும். பார்த்தால், பிள்ளை சொல்வதில் சூடு இருக்காது. "சாப்பிடுவீங்களாம்" என்று அது தானாகவே வெட்டித் திருத்திச் சொல்லும். நல்ல தூதர்தான். ஆனால் அந்த உத்தியோகத்தை யாரும் அதைக் கேட்டுக் கொடுக்கவில்லை.

இதெல்லாம் நம்மிடம் புதுசு இல்லை. தலைவன் தலைவி ஊடலைத் தீர்க்க இடையில் நிற்கிறவர்களை வாயில்கள் என்று சொல்லித் தொல்காப்பியம் 12 பேரை வரிசைப்படுத்துகிறது: தோழி, தாய், பாணன், விறலி என்று போகிற அந்தப் பட்டியலில் விருந்தினரும் இருக்கிறார்கள். விருந்தாளி வந்து நின்றால் ஊடலை ஓரமாக வைத்துவிட்டு இலை போட்டாக வேண்டும். இன்றைக்கும் வாசலில் செருப்பு விடுகிற சத்தம் கேட்டதும் "வாங்க வாங்க" என்று இருவர் குரலும் சேர்ந்து எழுகிறதே, அதுதான். சில வீடுகளில் ஊரிலிருந்து வந்த சித்தப்பா தன்னை அறியாமலே ஒரு பெரிய காரியத்தை முடித்துவிட்டு, காபி சுமார் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறுவார்.

ஊடலில் ஜாடை பொருந்துகிறது. இரண்டு பேரும் சமம். இருவருக்கும் சேர ஆசை. மானம் மட்டும்தான் குறுக்கே நிற்கிறது.

*

ஆபீஸில் பூனைக்குப் பதில் வாட்ஸ்அப் குரூப். "சிலர் நேரத்துக்கு வருவதில்லை. இது கடைசி எச்சரிக்கை." அந்தச் சிலர் ஒருவர்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் கட்டைவிரலைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். தினமும் முதல் ஆளாக வருகிறவர்தான் வீட்டுக்குப் போயும் அதையே நினைத்துக்கொண்டிருப்பார்.

தனியாகக் கூப்பிட்டு இரண்டு நிமிஷம் பேசினால் முடிகிற விஷயம். பேசமாட்டார்கள். நேரே பேசினால் அவன் பதில் சொல்வான், அவன் பக்கத்து நியாயம் ஏதாவது இருந்துவிடும். குரூப்பில் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

*

ஆபீஸ் குரூப்பில் வருவது மேலிருந்து கீழே வருகிற ஜாடை. கீழிருந்து மேலே போகிற ஜாடை வேறு ஜாதி.

1978 டிசம்பர் 28. அமெரிக்காவின் போர்ட்லாண்டில் இறங்க வேண்டிய ஒரு யுனைடெட் விமானம். சக்கரத்தை இறக்கும்போது பெரிய சத்தம் கேட்டது. சக்கரம் பூட்டிக்கொண்டதைக் காட்டும் விளக்கு சரியாக எரியவில்லை. கேப்டன் இறங்காமல் சுமார் ஒரு மணி நேரம் வட்டமடித்தார். சக்கரத்தைச் சோதிப்பது, பயணிகளைத் தயார்செய்வது என்று அவர் கவனம் முழுக்க அதிலேயே இருந்தது. எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. விமானி அறையில் அதைப் பற்றிப் பேச்சு வராமல் இல்லை, வந்தது. இவ்வளவு இருக்கிறது, இவ்வளவுதான் இருக்கும் என்று கணக்காக வந்தது. "இப்பவே இறக்குங்க, இல்லைன்னா விழுந்துடுவோம்" என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றன. விமானம் குடியிருப்புப் பகுதி ஒன்றில் விழுந்தது. இருந்த 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். எரிபொருளைப் பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் அவர்களில் ஒருவர்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் மனம் நின்றுவிடும். சொந்த உயிர் போகப்போகிறபோதும் மேலதிகாரியிடம் மனிதனுக்குக் குரல் எழும்பவில்லை. நிலைமை எவ்வளவு முற்றிவிட்டது என்பதைக் கேப்டனுக்குக் கீழே இருந்தவர்கள் முழுசாக உணராமல் இருந்திருக்கலாம் என்றும் விசாரணை அறிக்கை சொல்கிறது. அதுவும் உண்மையாக இருக்கலாம். மேலே இருப்பவர் பதறாதபோது நம் பதற்றத்தையே நாம் நம்பமாட்டோம்.

அடுத்த வருஷம் நாசா இதையெல்லாம் வைத்து ஒரு பட்டறை நடத்தியது. 1981-இல் யுனைடெட் நிறுவனம் விமானிகளுக்கு இதற்கென்றே பயிற்சி தொடங்கியது. கீழே இருப்பவருக்கு அழுத்திச் சொல்லப் பழக்கினார்கள். கேப்டனுக்குக் கேட்கப் பழக்கினார்கள். இரண்டாவதுதான் கடினமாக இருந்திருக்கும் என்று என் ஊகம்.

*

"மனசு விட்டுப் பேசுங்க" என்பது எல்லாரும் கொடுக்கிற புத்திமதி. யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று கவனித்தால், பெரும்பாலும் மருமகளுக்கு, புதிதாகச் சேர்ந்த பையனுக்கு. பேசினால் நஷ்டப்படப்போகிறவர்களுக்கு.

*

மௌனத்தையும் நாம் ஜாடையாகவே படிக்கிறோம். "மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கார் பாரு." எப்போதும் அப்படி இல்லை. ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் என்ற உளவியலாளர்கள் இருவர் தம்பதிகளுக்கு நாடித்துடிப்பை அளக்கும் கருவியை மாட்டி, தங்களுக்குள் தகராறான விஷயத்தையே பேசவிட்டுப் பார்த்தார்கள். சுவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறவருக்கு உள்ளே நாடி தாறுமாறாக ஓடலாம். நூறைத் தாண்டிவிட்டால் எதிரே இருப்பவர் சொல்வது காதில் விழுந்தாலும் மனசில் இறங்காது. குறைந்தது 20 நிமிஷமாவது இடைவெளி விட்டுப் பேசச் சொல்கிறார் காட்மன்.

எழுந்து போகிறவர் எப்போது திரும்புவார் என்று சொல்லிவிட்டுப் போனால் போதும். "இப்ப முடியல, சாப்பிட்டுட்டுப் பேசலாம்." சொல்லாமல் போனால், உள்ளே இருப்பவருக்கு அந்த 20 நிமிஷமும் தண்டனை. போகிற போக்கில் கதவைச் சாத்துகிற சத்தம் வேறு.

*

கீழே இருப்பவரை வாய் திறக்கவைக்கவும் வழி உண்டு. அறுவை சிகிச்சைக்கு முன் சரிபார்க்க உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் அறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்லியாக வேண்டும் என்று ஒரு வரி உண்டு. பார்க்க அற்பமான சடங்கு. ஆனால் பெயர் சொல்லவாவது ஒருதரம் வாய் திறந்த இளம் நர்ஸுக்கு, பிறகு "டாக்டர், ஒரு நிமிஷம்" என்று சொல்லத் தைரியம் கொஞ்சம் கூடுகிறது.

வீட்டில் அப்படி ஒரு பட்டியலை யார் ஒட்டிவைப்பது? தலைமைப் பொறுப்பில் இருக்கிறவர் தானாகக் கேட்டால்தான் உண்டு. அதுவும் போனைக் கீழே வைத்துவிட்டு. கையில் போனோடு "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் வரும். வந்ததும் அப்பாடா என்று திரும்பவும் போனுக்குப் போய்விடலாம். பெரும்பாலும் அதற்காகத்தான் கேட்கிறோம்.